விண்டோஸ், லினக்ஸ் கணினிகளுக்கிடையே ஃபோல்டரைப் பகிர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலோ சின்ன அலுவலகத்திலோ ஒன்றிரண்டு விண்டோஸ் கணினிகளும் ஒரு லினக்ஸ் கணினியும் ஒரே ரவுட்டரில் இருக்கின்றன. பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை நடக்காமல் எல்லோரும் ஒரே ஃபோல்டரில் வேலை செய்ய வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்காக எழுதிய பக்கம் இது. உபுண்டு, மின்ட், டெபியன் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஃபெடோரா எங்கே மாறுகிறதோ அங்கே அதைச் சொல்கிறேன்.

உதாரணங்களில் லினக்ஸ் கணினியின் ஐபி முகவரி 192.168.1.20, விண்டோஸ் கணினியின் முகவரி 192.168.1.10, பகிரும் ஃபோல்டரின் பெயர் 'கணக்கு'. கட்டளைகளை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

இரண்டும் வேறு வேறு சிஸ்டம். எப்படி ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன?

விண்டோஸ் தன் ஃபோல்டர்களைப் பகிரப் பயன்படுத்தும் நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி. லினக்ஸில் அதே மொழியைப் பேசும் மென்பொருள் சாம்பா. லினக்ஸில் சாம்பா ஓடினால் விண்டோஸின் கண்ணுக்கு அதுவும் இன்னொரு விண்டோஸ் சர்வர்தான். உள்ளே ஓடுவது எந்தச் சிஸ்டம் என்று அதற்குத் தெரியவும் வேண்டாம்.

சாம்பாவைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜல். 1991 கடைசியில், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது ஆரம்பித்தார். நெறிமுறையின் விவர ஆவணம் அவர் கையில் இல்லை. கம்பியில் போகும் தகவல் பொட்டலங்களைப் பிடித்துப் பார்த்து, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று கவனித்தே எழுதினார். பல ஆண்டுகள் அந்த வேலை அப்படித்தான் நடந்தது. 2004-இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2007 டிசம்பரில், 10,000 யூரோ ஒருமுறைக் கட்டணத்துக்கு, நெறிமுறை ஆவணங்கள் சாம்பா குழுவின் கைக்கு வந்தன. இன்று நாம் இரண்டு கிளிக்கில் திறக்கும் ஃபோல்டருக்குப் பின்னால் அத்தனை பேரின் பொறுமை இருக்கிறது.

'சிஃப்ஸ்' என்ற பெயரும் கண்ணில் படும். 1990-களில் மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பிக்கு வைத்த பெயர் அது. லினக்ஸில் மவுண்ட் செய்யும் (வெளி ஃபோல்டரை நம் கணினியின் ஃபோல்டர் போல இணைக்கும்) வகைக்கு அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழம்ப வேண்டாம், பேசுவது புதிய எஸ்எம்பிதான்.

ஃபோல்டரை எந்தக் கணினியில் வைப்பது நல்லது?

எது நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறதோ அதில். இரண்டுமே அப்படி என்றால் லினக்ஸில் வையுங்கள் என்பேன். பயனர், அனுமதி, குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் ஒரே அமைப்புக் கோப்பில் கட்டுப்படுத்தலாம், அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆகும் தொல்லையும் குறைவு. பழைய டெஸ்க்டாப் ஒன்று போதும். ராஸ்பெரி பை 4-உம் தாராளமாகச் சமாளிக்கும். பை 3-இன் பி மாடலில் நெட்வொர்க் போர்ட் 100 மெகாபிட்தான், பெரிய ஃபைல்களுக்குத் திணறும்.

விண்டோஸ் 11-இல் வைத்தாலும் தவறில்லை. ஒரே நேரத்தில் 20 கணினிகள் வரைதான் இணையலாம் என்ற வரம்பு உண்டு, சின்ன அலுவலகத்துக்கு அது போதும்.

லினக்ஸில் ஷேர், அதாவது பகிர்ந்த ஃபோல்டர், உருவாக்குவது எப்படி?

மின்ட் போன்றவற்றில் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து பகிரும் வசதி இருக்கிறது. அவசரத்துக்கு ஆகும். நிரந்தரமாக வைக்கப்போகிறீர்கள் என்றால் கையால் செய்வதே மேல், பின்னால் ஏதாவது நின்றுபோனால் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

முதலில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை மூலம் 'சாம்பா' பேக்கேஜை நிறுவுங்கள். அப்புறம் ஃபோல்டர். அதை ஹோம் டைரக்டரிக்குள் வைக்காதீர்கள். உபுண்டு 21.04-லிருந்து ஹோம் டைரக்டரியின் அனுமதி 750, அதாவது மற்ற பயனர்கள் உள்ளே நுழையவே முடியாது. ரூட்டில் இருக்கும் 'எஸ்ஆர்வி' டைரக்டரி இதற்கென்றே இருக்கிறது. அதற்குள் 'கணக்கு' என்ற ஃபோல்டரை உருவாக்குங்கள்.

அடுத்து, பகிர்வுக்கென்று தனியாக ஒரு லினக்ஸ் பயனர். 'ஷேர்யூசர்' என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலில் லாகின் செய்யும் உரிமை அவருக்கு வேண்டாம். அவரைச் சாம்பாவுக்கும் அறிமுகப்படுத்த வேண்டும்: சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு 'எஸ்எம்பிபாஸ்வேர்ட்' கட்டளை, அதோடு 'மைனஸ் ஏ', பிறகு பயனர் பெயர். (இந்தக் கட்டளையில் பாஸ்வேர்ட் என்பதை ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டு எழுதுவார்கள், பயனர் பாஸ்வேர்டை மாற்றும் சாதாரண லினக்ஸ் கட்டளையில் இருக்கும் அதே எழுத்துகள்.) இங்கே கொடுக்கும் பாஸ்வேர்டைத்தான் விண்டோஸில் கேட்கும்போது தட்டுவீர்கள்.

கடைசியாக, ஈடிசி டைரக்டரிக்குள் சாம்பா டைரக்டரியில் இருக்கும் எஸ்எம்பி.கான்ஃப் கோப்பின் அடியில் ஒரு பகுதி சேருங்கள். சதுர அடைப்புக்குள் ஷேரின் பெயர், அதன் கீழே 'பாத்' என்ற வரியில் ஃபோல்டரின் முழு முகவரி, 'ரீட் ஒன்லி' என்ற வரிக்கு நோ, 'வேலிட் யூசர்ஸ்' என்ற வரியில் ஷேர்யூசர். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். இணையத்தில் கிடைக்கும் நாற்பது வரி மாதிரிகளை அப்படியே ஒட்டாதீர்கள். அவற்றில் பாதி வரிகள் பழைய பதிப்புகளுக்கானவை, வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் 'சாக்கெட் ஆப்ஷன்ஸ்' வரி பெரும்பாலும் குறைக்கவே செய்யும்.

கோப்பைச் சேமித்ததும் 'டெஸ்ட்பார்ம்' கட்டளையை ஓட்டுங்கள். வரிகளின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அதைச் சுட்டிக்காட்டிவிடும். அது சரி என்றால் எஸ்எம்பிடி சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபயர்வால் இயக்கத்தில் இருந்தால் எஸ்எம்பி பயன்படுத்தும் 445 போர்ட்டை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

லினக்ஸில் ஏற்கெனவே பாஸ்வேர்ட் இருக்கிறதே, சாம்பாவுக்குத் தனியாக எதற்கு?

லினக்ஸ் பாஸ்வேர்டை அப்படியே வைப்பதில்லை, திருப்ப முடியாத ஒரு வடிவத்துக்கு மாற்றி வைக்கிறது. விண்டோஸ் எதிர்பார்ப்பது வேறொரு கணக்கில் மாற்றிய வடிவம். ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பெற வழியில்லை. அதனால் சாம்பா தனக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. லினக்ஸ் பாஸ்வேர்டை மாற்றினால் சாம்பா பாஸ்வேர்ட் தானாக மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பாஸ்வேர்டே இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கெஸ்ட் ஷேர், அதாவது யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற ஷேர், ஒரு காலத்தில் எளிதாக வேலை செய்தது. விண்டோஸ் 10-இன் எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் 1709-லிருந்தே அதற்குத் தடை. 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 ப்ரோ பதிப்பிலும் தடுத்துவிட்டது. அதோடு, போகும் வரும் எல்லா எஸ்எம்பி பொட்டலங்களிலும் கையொப்பம் இருக்க வேண்டும் என்பதையும் கட்டாயமாக்கியது. அந்தக் கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்து உருவாகிறது. பாஸ்வேர்டே இல்லாத கெஸ்டுக்குச் சாவி எங்கிருந்து வரும்? நேற்றுவரை திறந்த ஷேர் அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லை என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

தேடினால் பத்து இடத்தில் ஒரே தீர்வு சொல்லியிருப்பார்கள்: ரெஜிஸ்ட்ரியில் இந்த மதிப்பை மாற்று, பவர்ஷெல்லில் கையொப்பத்தை அணை, கெஸ்டை அனுமதி. செய்தால் உடனே திறக்கும். ஆனால் அந்த மாற்றம் உங்கள் ஒரு ஷேருக்கு மட்டும் இல்லை. நாளைக்கு அந்த லேப்டாப் ஏதோ ஒரு விடுதியின் வைஃபையில் இணையும்போதும், அங்கே சர்வர் என்று சொல்லிக்கொள்ளும் எதனுடனும் கையொப்பம் இல்லாமல் பேசத் தயாராக நிற்கும். ஒரு பயனரும் பாஸ்வேர்டும் உருவாக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. விண்டோஸ் அதை ஒருமுறை கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும், அதன்பின் கெஸ்ட் ஷேரைப் போலவே தடையில்லாமல் திறக்கும். வசதிக்காகக் கதவைக் கழற்ற வேண்டியதே இல்லை.

பழைய சாதனம் ஒன்று எஸ்எம்பி 1 வேண்டும் என்கிறது. இயக்கலாமா?

வேண்டாம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற பணயத்தொகை வைரஸ், எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு இலையுதிர்கால அப்டேட்டிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் எஸ்எம்பி 1 இயல்பாக வருவதில்லை. சாம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பில் அதை அணைத்துவிட்டது.

லினக்ஸ் என்பதால் நமக்குக் கவலையில்லை என்றும் நினைக்காதீர்கள். அதே 2017 மே மாதம் சாம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. 3.5 பதிப்பிலிருந்து ஏழு ஆண்டுகளாக அது உள்ளேயே இருந்திருக்கிறது. எழுதும் உரிமையுள்ள ஒருவர் தன் நிரலை ஷேரில் போட்டு, சர்வரையே அதை ஓட்ட வைக்கலாம். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய ஸ்கேனர் எஸ்எம்பி 1 மட்டும்தான் பேசும் என்றால், அதில் எஃப்டிபி அல்லது மின்னஞ்சல் வழியாக அனுப்பும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள்.

விண்டோஸில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்தால் லினக்ஸ் கணினி தெரியவில்லையே?

தெரியாவிட்டாலும் திறக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20\கணக்கு என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். பட்டியலில் தெரிவது ஒரு வேலை, ஷேர் திறப்பது இன்னொரு வேலை. முதலாவது நடக்காததை வைத்து இரண்டாவதும் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பட்டியலிலும் வர வேண்டும் என்றால்: முன்பு கணினிகளைக் கண்டுபிடிக்கும் வேலை எஸ்எம்பி 1-ஐ ஒட்டிய பழைய முறையில் நடந்தது. அது போனதும் விண்டோஸ் வேறொரு அறிவிப்பு முறைக்கு மாறிவிட்டது, சாம்பா அதைத் தானாகப் பேசாது. லினக்ஸில் 'டபிள்யூஎஸ்டிடி' என்ற சின்னச் சேவையை நிறுவினால் சில நொடிகளில் கணினியின் பெயர் பட்டியலில் வந்துவிடும். உபுண்டுவின் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது.

முகவரியைத் தட்டியும் திறக்கவில்லை, 80070035 என்று முடியும் பிழை வருகிறது என்றால், முதலில் பிங் கட்டளையால் அந்த முகவரி பதில் தருகிறதா என்று பாருங்கள். பதில் வரவில்லை என்றால் இரண்டு கணினிகளும் உண்மையில் ஒரே நெட்வொர்க்கில் இல்லை. ஒன்று கெஸ்ட் வைஃபையில் இருக்கலாம், ரவுட்டரில் சாதனங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வசதி இயக்கத்தில் இருக்கலாம். பிங் வருகிறது, ஷேர் வரவில்லை என்றால் ஃபயர்வாலையும், சாம்பா ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் ஷேர் பழைய கெஸ்ட் முறையில் இருக்கிறதா என்று பாருங்கள், மேலே சொன்ன தடை சில நேரம் இதே எண்ணோடு வரும். லினக்ஸின் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருந்தால் ரவுட்டரில் அதை நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

பாஸ்வேர்ட் சரியாகத்தான் கொடுக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கிறது.

பெரும்பாலும் விண்டோஸ் வேறு பெயரில் போய்க்கொண்டிருக்கும். பயனர் பெயரை 192.168.1.20\ஷேர்யூசர் என்று முன்னால் முகவரியோடு தட்டிப் பாருங்கள். அப்போதுதான் இது அந்தக் கணினியின் பயனர் என்று தெளிவாகச் சொன்னதாகும்.

இன்னொரு காரணம், முன்பு எப்போதோ தவறாகக் கொடுத்ததைக் கிரெடென்ஷியல் மேனேஜர் சேமித்து வைத்திருப்பது. கண்ட்ரோல் பேனலில் அதைத் திறந்து, லினக்ஸ் கணினிக்கான பதிவை நீக்குங்கள்.

ஒரே சர்வருக்கு இரண்டு வெவ்வேறு பயனர் பெயரில் இணைய முடியாது என்று 1219 எண்ணுள்ள பிழை வந்தால், அது விண்டோஸின் விதி. ஒரு சர்வருக்கு ஒரு பெயர்தான். கமாண்ட் பிராம்ப்டில் 'நெட் யூஸ்' என்று தட்டினால் திறந்திருக்கும் இணைப்புகள் தெரியும். பழையதைத் துண்டித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். உடனடியாக வேலை ஆக வேண்டும் என்றால், முன்பு கணினிப் பெயரில் இணைந்திருந்தால் இப்போது ஐபி முகவரியில் இணையுங்கள். விண்டோஸ் அவற்றை இரண்டு சர்வர்களாக எடுத்துக்கொள்ளும்.

தலைகீழாக: விண்டோஸில் இருக்கும் ஃபோல்டரை லினக்ஸிலிருந்து திறக்க வேண்டும். பின் நம்பரைக் கொடுத்தால் ஏற்கவில்லை.

ஏற்காது. நான்கு இலக்கப் பின் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து நுழைய மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வருபவர் பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்து, நாள்தோறும் பின்னையே தட்டிப் பழகியவர்களுக்குத் தங்கள் பாஸ்வேர்ட் என்னவென்றே மறந்துபோயிருக்கும். பாஸ்வேர்டே இல்லாத உள்ளூர்க் கணக்கு என்றாலும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது.

இங்கேயும் மருந்து அதேதான். விண்டோஸில் பகிர்வுக்கென்று ஓர் உள்ளூர்ப் பயனரை உருவாக்கி, பாஸ்வேர்ட் வைத்து, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அவருக்கு அனுமதி கொடுங்கள். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'ஷேரிங்' டேபில் ஓர் அனுமதி, 'செக்யூரிட்டி' டேபில் இன்னொரு அனுமதி. இரண்டிலும் இடம் கொடுத்தால்தான் திறக்கும், இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். நெட்வொர்க் வகை 'பிரைவேட்' என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் பக்கம் ஃபைல் மேனேஜரின் முகவரிப் பட்டையில் எஸ்எம்பி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு 192.168.1.10 என்று தட்டினால் ஷேர்கள் வரிசையாகத் தெரியும்.

ஒவ்வொரு முறையும் தட்டாமல், கணினி பூட் ஆனதும் தானாக இணைய?

'சிஃப்ஸ்-யுடில்ஸ்' பேக்கேஜை நிறுவிவிட்டு, பூட் ஆகும்போது எவற்றை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் (ஈடிசி டைரக்டரியில் இருக்கும்) ஒரு வரி சேர்க்க வேண்டும். பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அந்த வரியிலேயே எழுதாதீர்கள், அந்தக் கோப்பை எல்லோரும் படிக்கலாம். தனிக் கோப்பில் எழுதி, அனுமதியை 600 (சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம்) ஆக்கி, 'கிரெடென்ஷியல்ஸ்' என்ற விருப்பத்தில் அதன் முகவரியைக் கொடுங்கள். 'யுஐடி', 'ஜிஐடி' விருப்பங்களில் உங்கள் எண்ணைக் கொடுக்க மறந்தால் எல்லா ஃபைலும் ரூட்டுக்குச் சொந்தமானதாகத் தெரியும், உங்களால் சேமிக்க முடியாது.

'நோஃபெயில்' என்ற விருப்பம் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் கணினி அணைந்திருக்கும் நாளில் உங்கள் லினக்ஸ் பூட் ஆகாமல் காத்து நிற்கும். சிஸ்டம்டி-யின் ஆட்டோமவுண்ட் விருப்பத்தையும் சேர்த்தால் ஃபோல்டரைத் தொடும்போதுதான் இணையும். எனக்குப் பிடித்தது அதுதான். ஷேர் பெயரில் இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் \040 என்று எழுதுங்கள்.

பிழை எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதித் தலைவலி தீரும். 13 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ அனுமதியோ தவறு. 2 என்றால் பெரும்பாலும் ஷேர் பெயர் தவறு. 112 வந்தால் எதிர்க் கணினி இறந்துவிட்டதாகச் சொல்லும், ஆனால் பல நேரம் அது உயிரோடுதான் இருக்கும், எஸ்எம்பி பதிப்பு ஒத்துப்போகாததுதான் காரணம். ஃபைல் சிஸ்டம் வகை தவறு, சூப்பர்பிளாக் கெட்டது என்றெல்லாம் பயமுறுத்தினால் ஒன்றும் கெடவில்லை, அந்த யுடில்ஸ் பேக்கேஜை நிறுவவில்லை, அவ்வளவுதான்.

ஷேர் திறக்கிறது, படிக்கவும் முடிகிறது. எழுதத்தான் முடியவில்லை.

சாம்பா 'எழுதலாம்' என்றாலும் அடியில் இருக்கும் லினக்ஸ் அனுமதியும் 'எழுதலாம்' என்று சொல்ல வேண்டும். உடனே 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், போட்டுவிடாதீர்கள். போட்டால் இன்றைக்கு வேலை நடக்கும். நாளைக்கு ஒருவர் உருவாக்கிய ஃபைலை இன்னொருவர் திருத்த முடியாமல் மறுபடி இதே கேள்வியோடு நிற்பீர்கள், ஏனென்றால் 777 என்பது அந்த ஃபோல்டருக்கு மட்டும். அதற்குள் புதிதாகப் பிறக்கும் ஃபைல்கள் தங்கள் அனுமதியோடுதான் பிறக்கும்.

சரியான வழி: ஒரு குழுவை உருவாக்கி, எழுத வேண்டியவர்களை அதில் சேர்த்து, ஃபோல்டரை அந்தக் குழுவுக்குச் சொந்தமாக்கி, அனுமதியை 2770 என்று வையுங்கள். முன்னால் இருக்கும் அந்த 2, உள்ளே உருவாகும் எல்லாவற்றையும் அதே குழுவுக்குச் சொந்தமாக்கும். சாம்பாவின் அமைப்பில் 'கிரியேட் மாஸ்க்' 0660, 'டைரக்டரி மாஸ்க்' 2770 என்று கொடுத்தால் யார் உருவாக்கினாலும் எல்லோரும் திருத்தலாம்.

வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி அப்படியே பகிர்ந்தவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. டெஸ்க்டாப் அதை 'மீடியா' டைரக்டரியில் உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் மவுண்ட் செய்கிறது, அந்த ஃபோல்டருக்குள் உங்களைத் தவிர யாரும் நுழைய முடியாது. எஃப்எஸ்டேப் வழியாக வேறு நிலையான இடத்தில் மவுண்ட் செய்தால் சரியாகிவிடும்.

ஃபெடோராவில் எல்லா அனுமதியும் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு தடுக்கிறது. அதை அணைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஃபோல்டருக்குச் சாம்பா ஷேர் என்ற அடையாளக் குறியை ஒட்டினால் வழிவிடும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் பத்திரமாகப் போகுமா?

போகும். விண்டோஸ், லினக்ஸ், சாம்பா மூன்றும் இன்று யூனிகோடைத்தான் பேசுகின்றன. ஆனால் தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, நீளம். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் ஒரு பெயரில் 255 குறியீடுகளை ஏற்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஏற்பது 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றே. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், புள்ளியும் கொம்பும் கால்களும் தனிக் குறியீடுகள். 'மின்கட்டணம்' என்ற ஏழெழுத்துச் சொல்லில் 11 குறியீடுகள், 33 பைட். மொத்தம் 85 தமிழ்க் குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். 'சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளும் தீர்மானங்களும் அடங்கிய தொகுப்பு' என்று விண்டோஸில் ஆசையாகப் பெயர் வைத்த ஃபைல், லினக்ஸ் ஷேருக்கு நகலெடுக்கும்போது பெயர் நீளம் என்று நின்றுவிடும். பெயரைச் சுருக்குங்கள், விவரத்தை ஃபோல்டர் பெயருக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று நுட்பமானது. 'கொள்முதல்' என்பதில் உள்ள 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு பெயர். வெவ்வேறு விசைப்பலகை மென்பொருளில் தட்டியவர்கள் சேர்ந்து வேலை செய்யும் ஷேரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். தேடினால் கிடைக்காத ஃபைலும் இப்படித்தான் ஒளிந்திருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே தட்டச்சு மென்பொருளுக்கு மாறுவது நல்லது.

லினக்ஸில் வைத்த ஃபைல் விண்டோஸில் விசித்திரமான பெயரோடு தெரிகிறது.

பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள் போன்ற ஏதாவது இருக்கும். லினக்ஸ் அவற்றை அனுமதிக்கிறது, விண்டோஸ் அனுமதிப்பதில்லை. அதனால் சாம்பா நடுவில் அலைக்குறி போட்ட ஒரு சுருக்கப் பெயரைக் காட்டுகிறது. '10:30' என்று நேரத்தோடு பெயர் வைக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளில் அடிக்கடி பார்க்கலாம். லினக்ஸில் பெயரை மாற்றினால் சரி.

நகலெடுக்க ரொம்ப நேரம் ஆகிறது.

முதலில் கம்பியைப் பாருங்கள். கிகாபிட் கம்பியில் பெரிய ஃபைல் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் வேகத்தில் போகும். உங்களுக்கு 11-ஐ ஒட்டியே நிற்கிறது என்றால் வழியில் ஏதோ ஒன்று 100 மெகாபிட்டில் ஓடுகிறது: பழைய கேபிள், பழைய ஸ்விட்ச், அல்லது இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியின் போர்ட். சாம்பாவை எவ்வளவு திருகினாலும் அதற்கு மேல் போகாது. 'ஐபெர்ஃப்3' என்ற கருவியால் கம்பியை மட்டும் தனியாக அளந்து பார்க்கலாம்.

ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் என்றால் மெதுவாகத்தான் போகும். ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, எழுது, மூடு என்று பலமுறை கேட்டுப் பதில் வாங்க வேண்டியிருக்கிறது. ஜிப் செய்து ஒரே ஃபைலாக அனுப்புங்கள்.

ஷேரில் ஒரு ஃபைலைத் தெரியாமல் அழித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னில் இல்லையே?

நெட்வொர்க் வழியாக அழித்தது அங்கே போகாது. அழித்தால் அழித்ததுதான். ஷேர் தொடங்கும் அன்றே இதற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்: சாம்பாவின் ஷேர் பகுதியில் 'விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ்' என்ற வரிக்கு 'ரீசைக்கிள்' என்று கொடுத்தால், அழிப்பவை எல்லாம் அதே ஷேருக்குள் ஒரு மறைந்த ஃபோல்டருக்கு நகரும். அது தானாகக் காலியாகாது, பழையவற்றை நீக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை அமையுங்கள்.

ஆனால் பேக்கப் என்பது வேறு. பணயத்தொகை கேட்கும் வைரஸ் ஒரு விண்டோஸ் கணினிக்குள் வந்தால், அதில் இணைந்திருக்கும் நெட்வொர்க் டிரைவ்களையும் சேர்த்தே பூட்டும். எழுதும் உரிமை அதற்கும் இருக்கிறதல்லவா. அதனால் லினக்ஸ் பக்கத்திலிருந்து, சாம்பா பகிராத இன்னொரு டிஸ்க்குக்கு, தினமும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் பழைய பதிப்புகளோடு நகல் எடுங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைப் பயன்படுத்துபவர்கள் அதன் ஸ்னாப்ஷாட்களை (அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகளை) சாம்பாவின் 'ஷேடோ காப்பி' வசதியோடு இணைத்தால், விண்டோஸில் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'முந்தைய பதிப்புகள்' என்று பார்த்தே நேற்றைய கணக்கை எடுக்கலாம். இதை ஒருமுறை அமைத்துவிட்டால் அலுவலகத்தில் எல்லோரும் உங்களை வாழ்த்துவார்கள்.

வெளியூரில் இருக்கும்போதும் திறக்க வேண்டும். ரவுட்டரில் 445-ஐத் திறந்துவிடலாமா?

கூடவே கூடாது. வான்னாக்ரை போன்றவை தேடி அலைந்தது அந்தப் போர்ட்டைத்தான், இன்றும் இணையம் முழுக்க அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வயர்கார்ட் போன்ற ஒரு விபிஎன் (வெளியிலிருந்து உங்கள் நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய பாதை) அமைத்து அதற்குள்ளிருந்து திறங்கள்.

இரண்டும் ஒரே கணினியில் டூயல் பூட். அதற்கும் சாம்பா வேண்டுமா?

வேண்டாம். லினக்ஸ் நேரடியாக என்டிஎஃப்எஸ் டிரைவைத் திறக்கும். எழுத முடியவில்லை என்றால் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயக்கத்தில் இருக்கிறது. ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், டிரைவை விட்டிருக்காது. பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிட்டு ஒருமுறை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள்.

பிரிண்டரையும் சாம்பா வழியாகப் பகிரலாமா?

பகிரலாம், ஆனால் இன்றைக்குத் தேவையில்லை. வைஃபை உள்ள பிரிண்டர் என்றால் இரண்டு சிஸ்டமும் நேரடியாக அதனிடம் பேசும். யுஎஸ்பி மட்டும் உள்ள பழைய பிரிண்டரை லினக்ஸில் செருகி, லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸில் பகிர்ந்து, விண்டோஸில் ஐபிபி (அச்சு நெறிமுறை) முகவரி கொடுத்துச் சேர்த்தால் போதும்.